வெரோணி சேச்சி இரவல் வாங்கிய லென்ஸ்

அந்த லென்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பள்ளியில், இங்கே சர்ச்சுக்கு அப்படித்தான் பெயர், குர்பானா பூசை முடிந்து வந்து, எல்லோரும் அப்பமும் ஸ்டூவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் கிரீசன் ஒரு பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தான். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல அதைச் சாப்பாட்டு மேசைமேல் இறக்கினான். ஜிப்பைத் திறந்ததும் என் வீட்டுக்காரர் ஆன்டோ, வாயில் இருந்த அப்பத்தை மெல்ல மறந்துவிட்டார்.

"என்னடா இது, பீரங்கியா?"

"லென்ஸ் ஆன்டோ சேட்டா. எவ்வளவு தூரத்துல இருக்கிற பறவையையும் கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்திடும்."

"பறவையை நிறுத்தும், சரி. தூக்கறவங்களை நிக்க விடுமா?"

வெரோணி சேச்சி எழுந்துபோய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, புறங்கையை அந்த லென்ஸின்மேல் வைத்துப் பார்த்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"ஒரு வாரம் வெச்சுப் பாருங்க சேச்சி," என்றான் கிரீசன். "நான் வேற வாங்கறேன். இது உங்களுக்குப் பிடிச்சிருந்தா நீங்களே வெச்சுக்கலாம். பிடிக்கலைன்னா ஒரு மனவருத்தமும் இல்லை."

வெரோணி சேச்சி ஆன்டோவின் அக்கா. முப்பது வருஷத்துக்கு மேல் மஸ்கட்டில் நர்ஸாக இருந்தவர். இந்த வீட்டின் கூரை, ஆன்டோவின் ஹார்டுவேர் கடை, இரண்டு தங்கச்சிமாரின் கல்யாணம் எல்லாம் அவர் கையால் நடந்தவை. நான் கோயம்புத்தூரிலிருந்து திருச்சூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், அவர் லீவில் வரும்போதெல்லாம் வீடே ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்ததுபோல நிமிர்ந்து நிற்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒரு தடவை தைரியமாகக் கேட்டுவிட்டேன். "லீவு கிடைக்கலைடி," என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

வேலையை விட்டு ஊரோடு வந்ததும் ஆளாளுக்கு அவருக்கு ஒரு வேலை யோசித்து வைத்திருந்தார்கள். ஒரு தங்கச்சிக்குப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பள்ளியில் மாதர் சங்கத்துக்குத் தலைவி வேண்டியிருந்தது. சேச்சி எல்லோருக்கும் பிரஷர் பார்த்துக் கொடுத்தார். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு தினமும் விடியும்போது தொப்பியை மாட்டிக்கொண்டு, ஊரோரச் சதுப்பு நிலமான கோள் வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்குக் காரணம் ஒரு பருந்து. மஸ்கட்டில் அவருடைய வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். கடலோர விளக்குக் கம்பத்தில் ஒரு பருந்து வந்து உட்கார்ந்து, மீனைக் காலில் இறுக்கிப் பிடித்துக் கிழித்துத் தின்னும். வருஷக்கணக்காக அதைப் பார்த்திருக்கிறார். எப்போதும் தூரத்திலிருந்து, எப்போதும் கையில் ஏதோ வேலையோடு. ஊருக்கு வந்த முதல் மாதம் புள்ளு என்கிற பக்கத்துக் கிராமம்வரை நடந்துபோனபோது, வயல் நடுவே கரண்டுக் கம்பத்தின்மேல் அதே பருந்து. "இவன் இங்கயும் வர்றானா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாராம். கரையில் கேமராவோடு உட்கார்ந்திருந்த கிரீசன் திரும்பிப் பார்த்து, "விராலடிப்பான் சேச்சி. குளிர்காலத்துக்கு வருவான்," என்றானாம். அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. பிறகு ஒரு சின்னக் கேமரா வந்தது. அதில் விராலடிப்பான் கம்பத்தின்மேல் ஒரு கடுகு மாதிரி விழுந்தான். எவ்வளவு பெரிதாக்கினாலும் பெரிய கடுகுதான்.

ஆகவே இப்போது இந்தப் பீரங்கி.

முதல் பரீட்சை எங்கள் மொட்டை மாடியில் நடந்தது. தென்னந்தோப்புக்கு அந்தப்புறம் ரப்பாயி சேட்டனும் அவர் மனைவி செலினும் இருக்கிற வீடு. அவருடைய மாட்டுக் கொட்டில் கூரையில் ஒரு மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது. சேச்சி கைப்பிடிச் சுவரில் லென்ஸைச் சாய்த்துவைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். என்னவென்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

மறுநாள் ரப்பாயி சேட்டன் வழக்கம்போலச் சர்க்கரை பார்க்க வந்தார். அறுபத்தைந்து தாண்டியவர், வெள்ளை ஜிப்பாவும் குடையும் இல்லாமல் வெளியே இறங்காதவர். விரலில் ஊசி குத்திக்கொண்டே சேச்சி சாதாரணமாகக் கேட்டார்: "நேத்து அல்வா நல்லா இருந்துச்சா ரப்பாயேட்டா?"

அவர் முகம் செத்துப்போயிற்று. "செலின் சொன்னாளா?"

"செலினுக்குத் தெரிஞ்சா கொட்டிலுக்குப் பின்னால ஏன் ஒளிஞ்சு தின்னப்போறீங்க?"

"பின்ன உனக்கு எப்படித் தெரியும்?"

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "புது லென்ஸ் வந்திருக்கு சேட்டா," என்றேன்.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "எடி வெரோணி, முப்பது வருஷம் அரபிக்கு ஊசி போட்டுட்டு வந்து, இப்ப எனக்கு வேவு பார்க்கறியா?"

"வேவு பார்க்கலை. மரங்கொத்தியைப் பார்த்தேன். அதுக்குக் கீழே நீங்க இருந்தீங்க."

"நான் என் வீட்டுல என்ன தின்னா உனக்கென்ன? நீ என்ன ஏசுவோட மாமியாரா?"

"ஏசுவுக்குக் கல்யாணமே ஆகலை."

"அதான் தப்பிச்சார்!"

குடையை எடுத்துக்கொண்டு போனவர் நேராக டீக்கடைக்குத்தான் போயிருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவிவிட்டது. வெரோணி சிஸ்டரின் குழலில் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதும் தெரியுமாம். தோப்பைப் பார்த்த வீடுகளில் துணி காயப்போடும் கயிறு எல்லாம் பின்பக்கம் போயிற்று. பள்ளி வாசலில் பாதிரியார் அச்சன்கூட, "சிஸ்டரே, நான் குடியிருக்கிற பள்ளிமேடைப் பக்கம் மட்டும் திருப்பிடாதீங்க. நான் கைலியைக் கட்டிக்கிட்டு உலாத்தற இடம்," என்று சிரித்தார். ரப்பாயி சேட்டன் சேச்சியோடு பேச்சை நிறுத்தினார். எங்கே எதிர்ப்பட்டாலும் குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கடந்துபோனார். அவர்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் இல்லை என்றாலும், சண்டை என்னவோ சின்ன வகுப்புப் பிள்ளைகளின் சண்டைதான்.

சேச்சிக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. லென்ஸ் அவரைப் பாடாய்ப் படுத்தியது. படுத்த படுக்கையாகக் கிடந்த நோயாளிகளைத் தூக்கிப் புரட்டியதில் அவருடைய வலது தோள் பல வருஷத்துக்கு முன்பே தேய்ந்துவிட்டது. அந்தக் குழலைக் கண்ணுக்கு உயர்த்தினால் சற்று நேரத்திலேயே கை நடுங்க ஆரம்பிக்கும். கையில் ஒரு மயிரிழை அசைந்தால் படத்தில் பூகம்பம். முதல் நாள் எடுத்த கொக்குகளுக்கு எல்லாம் இரண்டிரண்டு தலை. முக்காலியை வைத்தால் கரைச் சேற்றில் ஒரு கால் மட்டும் மெதுவாக உள்ளே போகும். பறவையைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. வெறும் கண்ணுக்கு எதிரே பெரிதாக நிற்கிற நாரை, குழலில் கண் வைத்தால் காணாமல் போய்விடும். வானம், வானம், ஒரு தென்னை ஓலை, மறுபடி வானம்.

"பயறு மூட்டை வெச்சுக்கோங்க சேச்சி," என்று போனில் சொன்னான் கிரீசன். "ஒரு பையில பயறை நிரப்பி, சுவர் மேல வெச்சு, அதுமேல லென்ஸைப் படுக்க வைங்க. அசையாது."

இந்த யோசனை எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்துக் கஞ்சிக்குப் பயறு எடுக்கப் போனால் டப்பா காலி. புதிதாக வாங்கிய பச்சைப்பயறு முழுவதும் போயிருந்தது. என் கல்யாணத்துக்கு அம்மா பூவேலை செய்து கொடுத்த தலையணை உறையில் ஒன்றையும் காணோம். சேச்சியிடம் கேட்டேன். அந்த முகத்தில் அதற்குமுன் நான் திருட்டு முழியைப் பார்த்ததே இல்லை.

"காரில இருக்கு," என்றார்.

போய்ப் பின்கதவைத் திறந்தேன். முதல் நாளே அந்த மூட்டை வாய்க்காலோரம் சரிந்து நனைந்திருக்கிறது. நனைந்ததை அப்படியே காருக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். உள்ளே நல்ல சூடு. அம்மா தைத்த ரோஜாப்பூவுக்கு நடுவிலிருந்து, தையல் இடைவெளி எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாக முளை வந்திருந்தது.

ஆன்டோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "தினமும் பறவையைப் பிடிக்கப் போறேன்னு போயி, கடைசில பயறைப் பொரிக்க வெச்சுட்டியே சேச்சி!"

"சிரிக்காதடா. முளை கட்டினது உடம்புக்கு நல்லது," என்றார் சேச்சி. மறுநாள் காலை புட்டோடு எல்லோரும் அதைத்தான் சாப்பிட்டோம். அடுத்த மூட்டையில் அரிசி உமி நிரப்பினோம். அதை நானே தைத்துக் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல், இது எங்கேதான் போய் முடிகிறது பார்ப்போம் என்று நானும் கூடப் போக ஆரம்பித்தேன்.

அந்தக் காலைகளைச் சொல்லாமல் விட முடியாது. கரையில் காரை நிறுத்திவிட்டு மதகுச் சுவரோரம் உட்காருவோம். முன்னால் வாய்க்கால், அதற்கு அந்தப்புறம் நாற்று நட்ட வயல், பனிக்குள் கரண்டுக் கம்பங்கள். வாத்து மேய்க்கும் சுப்ரன் தன் தாராக் கூட்டத்தைத் தோணியில் நின்றபடி ஓட்டிக்கொண்டு வருவான். ஆயிரம் வாத்துகள் ஒரே நேரத்தில் வம்பு பேசுகிற சத்தம். "சிஸ்டரே, என் தாராவையும் ஒரு போட்டோ எடுங்க. இதுகளும் பறவைதானே?" என்பான். "உன் தாரா ஒரு இடத்துல நிக்காது, உன்னை மாதிரி," என்பார் சேச்சி. வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனுஷி, அந்தக் கரையில் எல்லோரோடும் வாயாடினார்.

வெள்ளிக்கிழமை விராலடிப்பான் வந்தான். எங்களுக்கு எதிரே இருந்த கம்பத்திலேயே உட்கார்ந்தான். சேச்சி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு லென்ஸைத் திருப்பினார். இந்தத் தடவை வானமும் ஓலையும் குறுக்கே வரவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் குழலோடு ஒட்டியிருந்தது, உதடு கொஞ்சம் திறந்திருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பட்டனை அழுத்தும் சத்தம் மட்டும் வரவில்லை. பருந்து இறக்கையை விரித்துக் கிளம்பி வாய்க்காலில் விழுந்து, ஒரு மீனோடு எழுந்து, தலைக்குமேல் போனபோதுதான் படபடவென்று அழுத்தினார்.

"ஏன் சேச்சி, உக்கார்ந்திருக்கும்போது எடுக்கலை?"

"அவனோட கண்ணு மஞ்சள் நிறம்டி," என்றார். "இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது."

கிடைத்த படத்தில் பாதி வாலும் ஒரு முழு மீனும் இருந்தன. மீன் மட்டும் அற்புதமாக விழுந்திருந்தது. "செதிலை எண்ணலாம்," என்று அன்றைக்கு முழுக்க எல்லோருக்கும் காட்டினார்.

சனிக்கிழமை, அதாவது மறுநாள் லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிற நாளில்தான் அது நடந்தது.

வாய்க்காலுக்கு அந்தப்புறக் கரையில் ரப்பாயி சேட்டனின் வயல். மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க அவர் காலையில் நடந்து வந்திருந்தார். கூப்பிட்டால் கேட்காத தூரம். எங்களைப் பார்த்ததும் வழக்கம்போலக் குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வந்துட்டார் பாரு, வெள்ளை ஜிப்பாக் கொக்கு," என்று சேச்சி வேண்டுமென்றே லென்ஸை அவர் பக்கம் திருப்பினார்.

குடை மெதுவாகச் சரிந்தது. சரிந்து சேற்றில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து மறுபடி பிடித்தார். மறுபடியும் விழுந்தது.

"சண்டை போட்டுச் சலிச்சுட்டாரோ?" என்றேன் நான்.

குடையை விட்டுவிட்டு ரப்பாயி சேட்டன் நிமிர்ந்தார். எங்களைப் பார்த்து, ஒன்றாம் வகுப்புப் பையன்போல நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினார். சேச்சி சிரித்துக்கொண்டே அழுத்தினார். படத்தைப் பார்க்கத் திரையைத் திருப்பிப் பெரிதாக்கினார். அப்போது அவருடைய சிரிப்பு நின்றது.

நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு ஒரு கிழவர் நாக்கை நீட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான் தெரிந்தது.

"நாக்கு ஒரு பக்கமா போகுது," என்றார் சேச்சி. குரலே மாறியிருந்தது. "வாயோரத்தைப் பாரு. இந்தப் பக்கம் ஏறவே இல்லை. ஸ்டெல்லா, ரப்பாயேட்டனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வை."

போட்டேன். அந்தக் கரையில் அவர் ஜிப்பாப் பையைத் துழாவி எடுத்தார்.

"என்...ன வேணும்?" சொல் குழைந்து வந்தது.

சேச்சி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "ரப்பாயேட்டா, சண்டையெல்லாம் விடுங்க. உங்களை ஒரு நல்ல போட்டோ எடுக்கறேன். போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பையில வெச்சுட்டு ரெண்டு கையையும் நேரா முன்னால நீட்டுங்க."

"எதுக்...குடி?"

"பள்ளி நூற்றாண்டு மலருக்கு. நீட்டுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பெருமை யாரை விட்டது! நீட்டினார். எனக்கு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வலது கை நின்றது. இடது கை, தண்ணீரில் கனத்த கிளைபோல, மெல்ல மெல்ல இறங்கியது.

"அப்படியே உக்காருங்க. வரம்பு மேலயே உக்காருங்க. எழுந்திரிக்கக் கூடாது, நான் வர்றேன்," என்று சொல்லிவிட்டு சேச்சி திரும்பினார். "சுப்ரா! தோணியைக் கொண்டா!"

"தாரா கலைஞ்சு போயிடும் சிஸ்டரே..."

"தாராவை இவ பார்த்துக்குவா. கொண்டாடா!"

இப்படியாக ஆயிரம் வாத்துகளும், அடுத்தவருடைய லென்ஸும் என் பொறுப்பில் வந்தன. "ஆன்டோவைக் கூப்பிட்டு, செலினோட நேரா பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லு. பக்கவாதம் ஆரம்பம், இப்பத்தான்னு அங்கே முன்கூட்டியே சொல்லச் சொல்லு," என்று தோணியில் ஏறிக்கொண்டே சொன்னார். அறுபதைத் தாண்டியவர் அந்த ஆட்டத்துக்கு ஒரு கையால்கூட எதையும் பிடிக்கவில்லை.

போன் பேசி முடித்ததும் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. என்ன ஆகிறது என்று தெரியாமல் நிற்கவும் முடியவில்லை. முதல் தடவையாக அந்த லென்ஸில் கண்ணை வைத்தேன். வானம், ஓலை, மறுபடி வானம். பிறகு சட்டென்று சேச்சி வந்தார், என் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல.

அவர் சேற்றில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். ரப்பாயி சேட்டனின் தலையைத் தன் தோளில் சாய்த்து, ஒரு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவருடைய இடது கையை மடியில் பத்திரமாக எடுத்து வைத்தார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. என்ன பேசினாரென்று கேட்கவில்லை, திட்டுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் ரப்பாயி சேட்டனின் முகத்தில் இருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் பார்த்தேன். பிறகு அவரும் சுப்ரனும் சேட்டனைத் தூக்கினார்கள். தேய்ந்துபோன அந்தத் தோள்மேல்தான் பாதிப் பாரமும் ஏறியது. சேச்சி முகம் சுளிக்கவில்லை.

என் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சேச்சி வேலை செய்வதை நான் பார்த்ததே கிடையாது. அந்த வேலையில் வந்த கூரைக்குக் கீழே இருந்தேன், அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் நின்று லென்ஸ் மங்கிப்போயிற்று. லென்ஸ்தான் பழுதாகிவிட்டதோ என்று வேறு பயந்துபோனேன். விரல் எதையோ அழுத்திவிட்டது போலிருக்கிறது, கேமரா தன்பாட்டுக்குப் படபடவென்று அடித்துத் தள்ளியது.

தோணியை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து, சேட்டனைக் காரின் பின்சீட்டில் படுக்க வைத்து, சுப்ரனை அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சேச்சியே வண்டியை எடுத்தார். மஸ்கட் ரோட்டில் ஓட்டிய கை. கரை முழுக்கப் புழுதி பறந்தது.

நான் லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு வாத்துகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறி, சுப்ரனின் மச்சான் வந்துதான் என்னை விடுவித்தான். அதற்குள் பாதித் தாரா ரப்பாயி சேட்டனின் நாற்றங்காலில் இறங்கி மேய்ந்திருந்தன. அதை இன்றுவரை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டுவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்த ஊசிக்கே வேலை இருந்திருக்காது என்று டாக்டர் செலினிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் நாங்கள் போனபோது சேட்டன் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இடது கை இன்னும் மந்தமாகத்தான் இருந்தது. பேச்சு தெளிந்துவிட்டது. தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"எடி வெரோணி, அந்த நாக்குப் போட்டோவை அழிச்சிட்டியா?"

"இல்லை. டாக்டர்கிட்ட காட்டினேன். படிக்கிற பிள்ளைங்களுக்குக் காட்டணும், சம்மதமான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னார்."

சேட்டன் கஞ்சிக் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "வயலும் தெரியுதா அதுல?"

"தெரியுது."

"அப்ப சரி. காட்டட்டும்."

செலின், வெரோணி சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே ஒரு வேண்டுகோளும் வைத்தாள். "சேச்சி, நீங்க அந்த லென்ஸை வாங்கிடுங்க. தினமும் ஒரு தடவை கொட்டில் பக்கம் பாருங்க. நான் ஒரு ஆளு எத்தனை இடத்துல நிக்கறது?"

"துரோகி," என்றார் சேட்டன் கட்டிலிலிருந்து.

லென்ஸை வாங்கிவிட வேண்டும் என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே பிடியாக நின்றார்கள். ஆன்டோ தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். ரப்பாயி சேட்டனின் மகன் துபாயிலிருந்து கூப்பிட்டு, அது தன் கடமை என்றான். அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் சேச்சி தோளில் சூடான உமி மூட்டையை வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். லென்ஸுக்குக் கீழே இருக்க நான் தைத்த மூட்டை கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். சேட்டனைத் தூக்கியதில் கை காதுக்குமேல் உயரவில்லை.

சாயங்காலம் கிரீசன் வந்தான். சேச்சி லென்ஸைத் துடைத்து, மூடி போட்டு, பையில் வைத்து அவன் முன்னால் நகர்த்தினார்.

"வேணாம்டா மோனே. நல்ல சாமான்தான். என் தோள் எனக்குத் தெரியும். இதைத் தூக்கிக்கிட்டுப் போனா ஒரு கையால பழம்பொரி தின்னக்கூட முடியலை."

"சேச்சி, இத்தனை தூரம் எட்டற லென்ஸ்..."

"அது எட்டாட்டா நான் நடந்து எட்டறேன். கால் நல்லாத்தானே இருக்கு?"

கிரீசன் வற்புறுத்தவில்லை. எல்லோரும் விடைபெறுகிற மாதிரி அந்தப் பையைப் பார்த்தோம். ஆன்டோ அதை வாசல்வரை தூக்கிக்கொண்டு போனார்.

நான் தெரியாமல் அழுத்திய படங்களை அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் சேச்சி எனக்குக் காட்டினார். ஒன்றல்ல, ஏகப்பட்ட படங்கள். எல்லாவற்றிலும் முன்னால் ஒரு தாரா, இறகு இறகாகத் தெளிவாக, என்னைக் கேள்வி கேட்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்தது. அதற்குப் பின்னால் தூரத்தில், வெள்ளையும் நீலமுமாகக் கலங்கிய இரண்டு உருவங்கள். ஒன்று மற்றொன்றைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"வாத்து நல்லா வந்திருக்கு," என்றார் சேச்சி.

"பின்னால இருக்கறது நீங்க சேச்சி."

"இதா?" கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்கு முதுகு இவ்வளவு வளைஞ்சு போச்சாடி?" என்றார். படத்தை அழிக்கவில்லை.

பிறகு திருச்சூரில் ஒரு கடைக்குப் போய், கையிலேயே பிடித்து எடுக்கிற மாதிரி இலேசான லென்ஸ் ஒன்றைத் தானே பார்த்து வாங்கிக்கொண்டார். பாதித் தூரம்தான் எட்டும். ஆகவே வயல் வரம்பில் பூனைமாதிரி அடி வைத்துப் போகப் பழகினார். செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, நின்று, மறுபடி குனிந்து. பின்னால் நான் போனால் என் புடவை சத்தம் போடுகிறதாம், சுடிதார் போட்டுக்கொண்டு வா என்றார். ஐம்பதை நெருங்கும் வயதில் இதற்காக நான் இரண்டு சுடிதார் தைத்தேன். ஒரு காலை, நெல் பூக்கிற சமயம், ஒரு சின்னஞ்சிறு நீலக்கழுத்துப் பறவை எங்களைக் கவனிக்காமல் எங்கள் காலடிக்கே வந்துவிட்டது. அந்தப் படம் இப்போது செலின் வீட்டு வரவேற்பறையில், திரு இருதய ஆண்டவருக்குக் கீழே மாட்டியிருக்கிறது. ரப்பாயி சேட்டன் வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வெரோணி எடுத்தது," என்கிறார், தானே கூட இருந்து எடுத்த மாதிரி.

ஈஸ்டர் முடிந்து கிரீசனோடு பறவை பார்க்கிற கூட்டத்தார் தட்டேக்காட்டுப் பறவைக் காட்டுக்கு இரண்டு நாள் போவதாக முடிவாயிற்று. சேச்சியும் பெயர் கொடுத்தார். கிளம்புகிற காலை ஆன்டோ, பள்ளிக்கூடப் பிள்ளையை அனுப்புவதுபோல, அட்டை கடிக்கும், உப்பு எடுத்துக்கொள், தனியாக எங்கேயும் போகாதே என்று பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிக்கொண்டே வந்தார். சேச்சி ஜன்னலோர சீட்டைப் பிடித்து, கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் கிளம்பும்போது ஆன்டோ, இத்தனை வருஷமாக ஏர்போர்ட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாயோடு, "சேச்சி, வரும்போது என்ன கொண்டு வருவே?" என்று கேட்டுவிட்டார். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சேச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஒண்ணும் கொண்டு வர மாட்டேன்டா," என்று சந்தோஷமாகச் சொன்னார். "போயிட்டு மட்டும் வர்றேன்."